ஏழாம் எண் சறுக்குவண்டி

மைக்குக்கு முன்னால் உட்காரப் போகிற உங்களிடம் முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குப் பயம் போனதே இல்லை. வாயை வைத்துப் பிழைத்தவன் நான். ஊமைப் படக் காலத்தில் கூடாரத்துத் திரைக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னேன். பேசும்படம் வந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டது. கொஞ்ச காலம் ஒரு வக்கீல் ஆபீசில் நகல் எழுதினேன். கடைசியில் இந்த ரேடியோ நிலையம் என் தொண்டையை நம்பிக் கூப்பிட்டது. இத்தனைக்கும் நடுவில், வாயைத் திறப்பதற்கு அரை மணி முன்னால் வயிறு கலங்காத நாள் ஒன்றுகூட எனக்கு இருந்ததில்லை. போன மாதம் ஓய்வு பெற்ற அன்றைக்கும் இரண்டு தடவை கொல்லைப்பக்கம் போய்விட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். சிரியுங்கள், பரவாயில்லை.

உங்கள் பயம் எது என்று எனக்குத் தெரியும். நடுவில் சத்தம் நின்றுபோய்விடுமோ என்பதுதான். வாய்க்கு வந்ததைப் பேசி மாட்டிக்கொண்ட கதைகளை மற்றவர்கள் உங்களுக்கு நிறையச் சொல்வார்கள். நான் பேசாமல் இருந்து செய்த தப்பைச் சொல்கிறேன். இருபது வருஷமாக இதைக் காப்பிக்கடையில் என் பெருமையாகவே சொல்லி வந்திருக்கிறேன். அது பெருமை இல்லை.

திருவனந்தபுரத்தில் பழவங்காடிக்குப் பக்கத்து மைதானத்தில் எங்கள் கூடாரம் போட்டிருந்த காலம். வெள்ளிக்கிழமைதோறும் படம் மாறும். முதலாளி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த பிறகுதான் ஆபரேட்டர் எந்திரத்தில் கை வைப்பார். முக்கியப் படத்துக்கு முன்னால் பத்து நிமிஷக் குட்டிப் படம் ஒன்று ஓடும். படப்பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு குறிப்புத் தாள் இருக்கும். அதை யாரிடமாவது படித்துக் கேட்டுக்கொண்டு, மிச்சத்தை நானே இட்டுக்கட்டித் தமிழும் மலையாளமுமாகக் கலந்து விடுவேன். திரையில் எந்த வெள்ளைக்காரன் வந்தாலும் அவனுக்கு நம்ம ஊர்ப் பெயர் ஒன்று வைத்துவிடுவது எங்கள் தொழில் வழக்கம். துரை குதிரையிலிருந்து விழுந்தால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். 'சாலைக் கடைத்தெரு அரிசிக்கடை மூத்த மாப்பிள்ளை விழுந்தார்' என்று சொல்லிப் பாருங்கள், கூடாரம் கிழியும்.

அந்த வாரம் வந்த குட்டிப் படத்தின் குறிப்புத் தாள் யாருக்கும் பிடிபடவில்லை. பனி, மலை, சறுக்குவண்டி, பல நாட்டுப் போட்டி என்று மட்டும் தெரிந்தது. பனி என்றால் மார்கழியில் புல் நுனியில் நிற்கிற பனி என்பதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்? வியாழக்கிழமை மத்தியானம் வரை ஊரெல்லாம் கேட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு வெள்ளைக்கார நர்ஸ் இருந்தாள். பனி விழுகிற ஊரிலிருந்து வந்தவள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாகர்கோவில் பக்கத்தில் பல வருஷம் வேலை பார்த்ததால் அவள் பேசுகிற தமிழ் என்னுடையதைவிட நாகர்கோவில் தமிழ்.

"மதாம்மா, இது என்ன சாதனம்னு ஒண்ணும் தெரியல. நாளைக்குச் சாயங்காலம் நான் நின்னு சொல்லியாகணும்," என்று தாளை நீட்டினேன்.

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இது எங்க ஊராக்கும்," என்றாள்.

பிறகு நிதானமாக எனக்கு எல்லாம் சொன்னாள். மலைக்காரர்கள் விறகும் மாவு மூட்டையும் இழுக்க வைத்திருந்த சறுக்குக் கட்டையை, மலைக் காற்று மாரில் படவேண்டும் என்று ஸ்விஸ் நாட்டு ஓட்டல்களில் வந்து தங்கிய சீக்காளிகளும் பணக்காரர்களும் பொழுதுபோக்குக்கு எடுத்துக்கொண்டார்களாம். அதிலிருந்து பந்தயம் வந்தது. முதன்முதலாகப் பல தேசத்து ஆட்கள் சேர்ந்து இரண்டு ஊர்களுக்கு நடுவே மலைச்சாலையில் போட்டி வைத்தபோது, அந்த ஊர்த் தபால்காரர் ஒருவரும் வெளிநாட்டு மாணவன் ஒருவனும் சரியாக ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து, முதல் இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அப்புறம் ஊருக்கு ஊர் சங்கம், தேசத்துக்குத் தேசம் போட்டி. முதல் யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பல நாட்டுக்காரர்கள் கூடிப் பொதுச் சங்கம் வைத்து விதி எழுதினார்கள். அடுத்த குளிர்காலத்தில் ஐரோப்பாவுக்கே பொதுவான முதல் போட்டியை பொஹீமியா மலையில் இருக்கிற அவள் ஊரில் வைத்தார்கள். இந்தப் படம் அதுதான்.

"பொறவு?"

"பொறவு யுத்தம். போட்டியும் நின்னுது. எங்க ஊருக்கு நாட்டுப் பேரே மாறிப் போச்சு. போன வருசந்தான் மறுபடியும் ஆரம்பிச்சிருக்காவன்னு அம்மை எழுதியிருந்தா." தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள். "ஏழாம் நம்பரு எனக்க தம்பி. அந்தப் போட்டி நடக்கும்போ நான் இங்க இந்தியாவுல. அதே வருசம் அவனப் பட்டாளத்துல எடுத்தாவ. ரெண்டு மாசத்துல போயிட்டான்."

நான் பார்க்க வேண்டியது அவள் முகத்தை. பார்த்துக்கொண்டிருந்தது தாளை.

"இந்த நாட்டுல எனக்க வாயத் தவிர வேற வாயி அவன் பேரச் சொன்னதில்ல, அண்ணாச்சி. நாளைக்கு அவன் வரும்போ நீங்க ஒரு தடவ உரக்கச் சொல்லணும். செய்வியளா?"

ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்தாள். வென்ஸெல். கட்டாயம் சொல்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என் நாக்கில் அது 'வெஞ்சல்' என்றுதான் வந்தது. அந்தக் குட்டிப் படம் எங்களுக்கு ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான். மறுநாள் விடிந்ததும் பஸ்ஸில் நாகர்கோவில் கூடாரத்துக்குப் போய்விடும். தப்பினால் தப்பினதுதான்.

வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் கூடாரம் நிரம்பி வழிந்தது. மணல் தரையில் கால் வைக்க இடமில்லை. பொன்முடி மலைத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க இறங்கி வந்தவர்கள்கூட ஒரு கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் நாற்காலி வரிசையின் ஓரத்தில், மடியில் கைகளைக் கோர்த்துக்கொண்டு இருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

ஆரம்பம் நன்றாகத்தான் போனது. பழைய கதையைச் சொல்கிற எழுத்து அட்டைகளும் சித்திரங்களும் முதலில் வந்தன. தபால்காரர் ஜெயித்ததைச் சொன்னபோது கூட்டம் கை தட்டியது. கையில் மணி கட்டிய ஈட்டியோடு ஓடுகிற நம்ம அஞ்சல்காரனை அறியாதவர்கள் யார்? 'அவருக்கு அண்ணன் முறை' என்று ஒரு போடு போட்டேன். அப்புறம் பந்தயம் தொடங்கியது.

உட்கார்ந்துகொண்டு போவார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். உட்கார்ந்துதான் கிளம்பினார்கள். வேகம் பிடித்ததும் ஒவ்வொருவனும் பின்னால் சாய்ந்து, சாய்ந்து, தலை தரையைத் தொடுகிற மாதிரி மல்லாந்துவிட்டான். பார்க்கிற இடமெல்லாம் வெள்ளை. வெள்ளைக்கு நடுவில் மரப்பலகை. பலகைமேல் மல்லாக்க ஒரு மனிதன். கால் முன்னால் போகிறது.

எங்கள் ஊரில் கால் முன்னால் போவது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

"எடோ, இது எந்தா, சவம் கொண்டு போவாணோ?" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா இதையா காட்டுவான்? பிள்ளைகளக் கூட்டிட்டு எந்திரி!"

பெண்கள் பக்கத்தில் சலசலப்பு. யாரோ முதல் மண்ணாங்கட்டியைத் திரைமேல் எறிந்தார்கள். முதலாளி என் பின்னால் வந்து தோளைப் பிடித்து உலுக்கினார். "ஓய், வாயில என்ன கொழுக்கட்டையா? என்னவாவது சொல்லும்! இல்லன்னா படத்த நிறுத்தச் சொல்லட்டுமா?"

நிறுத்தினால் ஏழாம் எண் வராது. நாற்காலி ஓரத்தில் அவள் முகம் வெளுத்திருந்தது. என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பொன்முடி அண்ணாச்சிமாரே!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். "உங்க மலைரோட்டு வளைவுல பிரேக்குப் போன வண்டியில உக்காந்திருக்கீங்க. நிமிந்து உக்காருவீங்களா, இப்படிச் சாய்வீங்களா?"

தோட்டக் கும்பலிலிருந்து ஒருவர் எழுந்தார். "சாயத்தான் செய்யணும்! நிமிந்தா காத்து தூக்கிப் போட்டுரும்!"

"கேட்டீங்களா! காலு எதுக்கு முன்னால? அதான் இவனுக்கு ஸ்டியரிங். சவமாம்! சவம் வளைவு திரும்புமா ஓய்? அந்தா போறாரு பாருங்க, நம்ம சாலை அரிசிக்கடை மூத்த மாப்பிள்ளை. மாமியா வீட்டுல பலகாரம்னு சேதி வந்திருக்கு!"

வெடித்தது சிரிப்பு. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அடுத்து வந்தவனை இரும்புக்கடைப் பெரியவர் ஆக்கினேன். அதற்கடுத்தவன் ஆபீசுக்கு நேரமாகிவிட்ட ஹெட் கிளார்க். நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொருவனுக்கும் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. மணல் தரையில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முதலாளி என் முதுகில் தட்டினார். உயிர் திரும்பி வந்தது எனக்கு.

ஏழாம் எண் வந்தது.

மார்பில் எண்ணைக் குத்திக்கொண்டு, குல்லாயைக் கோணலாகச் சாய்த்துக்கொண்டு ஒரு பொடியன். இருபது இருக்கும். கிளம்புவதற்கு முன் நம்மைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். நாற்காலி ஓரத்தில் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இவன் ஆரு அண்ணாச்சி?" என்று கூட்டம் கேட்டது. "பேரச் சொல்லும்! பேரச் சொல்லும்!"

நினைத்துப் பாருங்கள். நான் சொல்ல வேண்டிய பெயரை ஐந்நூறு பேர் சேர்ந்து கேட்கிறார்கள். காகிதம் என் கையில் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டம் சிரிப்பில் ஊறிப்போயிருந்தது. நான் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதற்கும் சிரிக்கும். செத்துப்போன பையன் பெயருக்கு, அவன் அக்காளை நிற்க வைத்துக்கொண்டு ஐந்நூறு பேர் சிரித்தால்? வாயைத் திறக்கிறேன், மூடுகிறேன், காற்றுதான் வருகிறது. கடைசியில் எப்படியோ, தழைந்த குரலில் ஒன்று சொன்னேன்.

"இந்தப் பிள்ளை யுத்தத்துல செத்துப் போயிட்டான்."

கூடாரம் அப்படியே அடங்கியது. எந்திரம் கடகடவென்று ஓடுகிற சத்தம் மட்டும். பொடியன் மூன்றாவது வளைவில் வண்டியோடு தூக்கி எறியப்பட்டு, பலாப்பழம் உருள்வது போல உருண்டு, தலைகீழாகப் பனிக்குள் செருகிக்கொண்டான். கால்கள் இரண்டும் மேலே நின்று உதைத்தன. அப்புறம் வெளியே வந்தான். குல்லாயைத் தேடி எடுத்தான். உள்ளே பனி நிரம்பியிருந்தது. அதை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டு, வேலிப் பக்கம் நின்றிருந்த ஜனங்களுக்கு ஜெயித்தவன் மாதிரி இடுப்பை வளைத்து வணக்கம் வைத்தான். திரைக்குள் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கூடாரத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டார் ஒருவர். முன்வரிசையில் ஒரு பெரியவர் கை கூப்பினார். பொடியன் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடி ஆடி நடந்து போனான். படம் முடிந்தது.

வெளிச்சம் வந்தபோது அவள் நாற்காலி காலியாக இருந்தது.

முதலாளி கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓய், நீரு பெரிய மனுசன். அந்த எடத்துல வாய மூடுனீரே, அதாக்கும் வித்தை." வெளியே போன ஜனமும் அதைத்தான் சொல்லிக்கொண்டு போனது. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. இல்லை என்று சொன்னால் பொய். மறுநாள் காலை, படப்பெட்டியை நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அவள் நன்றி சொல்வாள் என்ற நினைப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவள் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நீங்க ஏன் சொல்லல்ல, அண்ணாச்சி?"

"எல்லாரும் சிரிச்சிக்கிட்டு இருந்தாங்க, மதாம்மா. உங்க தம்பி பேருக்கும் சிரிச்சிருவாங்கன்னு பயந்துட்டேன்."

"சிரிச்சா என்ன?" திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "சிரிக்கணும்னுதானே அவன் அத்தன கூத்தும் காட்டுனான்? வீட்டுலயும் அப்பிடித்தான். அப்பன் அடிக்க வந்தாக்கூடச் சிரிக்க வச்சிட்டு ஓடிருவான். பதினஞ்சு வருசமா அவன நான் செத்தவனா மட்டுந்தான் நெனச்சிட்டிருந்தேன். நேத்து உசிரோட வந்தான். நீங்க ஐந்நூறு பேரக் கூட்டி மறுபடியும் அடக்கம் பண்ணிட்டிய."

என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. மரியாதை என்று நான் பெயர் வைத்திருந்தது பச்சைப் பயம். கூட்டத்தைப் பார்த்துப் பயம், சிரிப்பைப் பார்த்துப் பயம், நாக்கில் சரியாக வராத ஒரு பெயரைப் பார்த்துப் பயம். அந்தப் பையன் கண் சிமிட்டினானே, அதை நான் பார்த்தேனே! அவன் என்ன வேண்டுமென்று கேட்டான் என்று எனக்குத் தெரியாதா?

"மதாம்மா, நான் இப்பவே நாகர்கோவில் போறேன். இன்னிக்குச் சாயங்காலம் அங்க ஆட்டம். வெளக்கம் சொல்றவன உங்க தம்பி பேர நானே நின்னு சொல்ல வைக்கேன்," என்றேன். நான் படியிறங்கும்போது அவள் வாசல்வரை வந்து நின்றாள்.

மத்தியான பஸ்ஸைப் பிடித்தேன். வண்டி வழியில் இரண்டு இடத்தில் நின்றுபோனது. ஒவ்வொரு தடவையும் நான் இறங்கி டிரைவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "நீரு போயி உக்காரும் ஓய், உம்ம மூச்சுலயே எஞ்சின் சூடாவுது," என்று அவர் என்னை விரட்டினார். ஆட்டம் தொடங்கக் கால்மணி இருக்கும்போது கூடாரத்துக்குள் ஓடினேன். அந்த ஊர் முதலாளி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"அந்தச் சறுக்குவண்டிப் படமா? பெட்டியத் தொறக்கவே இல்லியே," என்றார். "நேத்து திருவனந்தபுரத்துல செத்தவன் வண்டி ஓட்டுனானாமே? காலைல பஸ்ஸுல வந்த ஆளுவ ஊரு முழுக்கச் சொல்லிட்டாவ. வெளக்கம் சொன்னவனே சொன்னானாம். நம்ம கூடாரத்துக்கு ஆகாது, வேண்டாம்."

சொன்னவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. கெஞ்சினேன். காலைத் தொடாத குறை. அவர் அசையவில்லை. பெட்டி மறுநாள் திருநெல்வேலி போயிற்று. அதற்கப்புறம் அந்தப் படம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் வீட்டில் சுருண்டு கிடந்தேன். திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்றேன். இருபது முப்பது நோயாளிகள் பெஞ்சில் வரிசையாக இருந்தார்கள். விரலில் கட்டுப்போட்ட, மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர் ஒருவர், நிறைமாதமாக ஒரு பெண், இருமுகிற கிழவர்கள். அவள் மருந்துத் தட்டோடு வெளியே வந்து என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"நாகர்கோவில்ல சிரிச்சாவளா?" என்றாள்.

பிள்ளைகளே, நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் உண்மையைத்தான் சொல்வது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"சிரிச்சாங்க, மதாம்மா."

"பேரு?"

"சொன்னாங்க."

"எப்பிடிச் சொன்னாவ?" அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். "சொல்லிக் காட்டுங்க."

இந்தத் தடவை வாய் மூடவில்லை. அந்த வராந்தாவிலேயே, கூடாரத்தில் நிற்கிற மாதிரி காலை அகட்டி நின்றேன். "ஏழாம் நம்பர்!" என்று உரக்க ஆரம்பித்தேன். "குல்லாயக் கோணலா வச்சுக்கிட்டு வர்றாரு பாருங்க, இவரு பேரு வெஞ்சல்! பொஹீமியா மலைக்காரரு. கண்ணடிக்காரு, யாருக்குன்னு தெரியல!" சுமட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வளைவைச் சொன்னேன். உருண்டதை உருண்டே காட்டினேன், இந்த வயிற்றோடு. தலைகீழாகப் பனிக்குள் செருகி மேலே உதைத்த கால்களுக்கு என் இரண்டு கைகளையும் ஆட்டினேன். நிறைமாதப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருந்துத் தட்டிலிருந்த ஒரு கிண்ணத்தை எடுத்துக் குல்லாய்போலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பை வளைத்து அந்த வரிசைக்கே வணக்கம் வைத்தேன். இருமிக்கொண்டிருந்த கிழவர்கள் இருமலும் சிரிப்புமாகப் பெஞ்சைத் தட்டினார்கள். வராந்தா முழுக்கச் சிரிப்பு.

"வெஞ்சல் இல்ல, அண்ணாச்சி," என்றாள் அவள். "வென்ஸெல்."

"வென்செல்," என்று சுமட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். பக்கத்துக் கிழவர் வேறு மாதிரி சொன்னார். அந்தப் பெண் இன்னொரு மாதிரி. அவள் ஒவ்வொருவரையும் திருத்தினாள். அவர்கள் மறுபடியும் தப்பாகச் சொன்னார்கள். மறுபடியும் சிரித்தார்கள். அவளும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்கக் குலுங்க.

என் பொய்யை அவள் நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தலையிலிருந்த கிண்ணத்தை எடுத்து மறுபடியும் கழுவப் போட்டாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.